பயற்றுக்குரிய பற்றீரியாவை உயிருடன் காத்தல்
பயற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் இறைசோபியம் என்னும் பற்றீரியா, காற்றிலுள்ள நைதரசனைப் பயிருக்கு உணவாக்குகின்றது. 1888ஆம் ஆண்டில் ஒல்லாந்து அறிஞர் பெய்யரிங் இதனைத் தனியே பிரித்தெடுத்தார். விதையிற் பூசுதற்கு இது பொடியுடன் கலந்து பைகளில் அடைக்கப்படுகின்றது.

திருகோணமலையிலிருந்து மூதூருக்கு வரும் வழியிற் பை வெயிலிற் கிடந்தால் பற்றீரியா மடியும். பொடியின் நிறமோ மாறாது. பயிர் வெளிறிய பின்னரே கமக்காரர் இழப்பை அறிவர். ஆதலால்:

1. பையை ஈரச் சாக்கிற் சுற்றி நிழலிற் கொண்டுவருக.

2. வீட்டிற் குளிர்ந்த இடத்தில் வைக்குக. உறையவிடலாகாது. இரசாயனப் பசளை, பூச்சிநாசினி ஆகியவற்றுடன் வைத்தலாகாது.

3. பையிற் குறித்த திகதிக்கு முன், பொடியை ஆறிய கஞ்சியிற் குழைத்து விதையிற் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைக்குக.

ஐந்து வாரத்தின் பின் ஒரு செடியைத் தோண்டி வேர்முடிச்சை வெட்டிப் பார்க்குக. உட்புறம் இளஞ்சிவப்பாயின் பற்றீரியா தன் தொழிலைச் செய்கின்றது.