பட்டவர் யார், படுத்தியது எது?

ஆங்கிலம் கற்பிப்போருக்கும் கற்போருக்கும் பதில் சொல்லும் பகுதி இது. இந்த முறை மூன்று கடிதங்கள். மூன்றும் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து வந்தவை.

கேள்வி: குப்பத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறேன். ஆறாவதிலிருந்து ஒன்பதாவது வரை படிக்கிறவர்கள். ஆங்கிலத்தில் மனநிலையைச் சொல்லச் சொன்னால் ‘ஐ ஆம் போரிங்’, ‘ஐ ஆம் இன்ட்ரஸ்டிங்’ என்கிறார்கள். ‘ஆட்களுக்கு ஈ.டி., பொருள்களுக்கு ஐ.என்.ஜி.’ என்று பலகையில் எழுதி மனப்பாடம் செய்யவைத்தேன். மறுநாளும் அதே தவறு. எங்கே பிழை செய்கிறேன்?
ஓர் ஆசிரியை, பழவேற்காடு

பதில்: பிள்ளைகளின் கவனக்குறைவு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், அம்மா. அவர்கள் தமிழைத்தான் நேர்மையாக ஆங்கிலமாக்குகிறார்கள். ‘எனக்கு இன்ட்ரஸ்டிங்கா இருக்கு’ என்று வீட்டில் பேசுகிறோம். தமிழில் உணர்வு ‘எனக்கு’ வரும். கோபம் எனக்கு வருகிறது, பயம் எனக்கு இருக்கிறது, போர் எனக்கு அடிக்கிறது. ‘இன்ட்ரஸ்டிங்கா’ இருப்பது கதை; அதை அனுபவிப்பது நான். இந்த வாக்கியம் ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘எனக்கு’ என்பது ‘ஐ ஆம்’ ஆகிவிடுகிறது, ‘இன்ட்ரஸ்டிங்’ இருந்த இடத்திலேயே நிற்கிறது. ‘நான் சுவாரசியமான ஆள்’ என்று பிள்ளை தன்னையே பாராட்டிக்கொள்கிறது. ‘ஐ ஆம் போரிங்’ என்றாலோ, ‘என்னோடு இருந்தால் யாருக்கும் சலித்துவிடும்’ என்று தன்னையே தாழ்த்திக்கொள்கிறது.

இன்னொரு காரணம் பள்ளிப் பாடத்தின் வரிசையில் இருக்கிறது. ‘ஐ ஆம் ஈட்டிங்’, ‘ஐ ஆம் ரீடிங்’ என்று முதலில் படிக்கிறார்கள். ஐ.என்.ஜி. என்றால் இப்போது நடப்பது, ஈ.டி. என்றால் நேற்று நடந்தது என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. இந்த நிமிடம் சலிப்பாக இருக்கிற பிள்ளை ‘ஐ ஆம் போரிங்’ என்று சொல்லாமல் வேறென்ன சொல்லும்?

நீங்கள் பலகையில் எழுதிய விதியும் பாதிதான் சரி. மணிக்கணக்கில் பேசிச் சலிப்பூட்டுகிறவர் மனிதர்தான். அவரைப் பற்றி ‘ஹீ இஸ் போரிங்’ என்பது சரியான ஆங்கிலம். முகமும் குரலும் ஆட்கள் அல்ல. ஆனாலும் ‘எ ஃப்ரைட்டண்ட் ஃபேஸ்’, ‘எ டயர்ட் வாய்ஸ்’ என்பார்கள். ஆளா பொருளா என்று பார்த்தால் வழி தவறும். உணர்வைத் தருவது எது, பெறுவது யார் என்று பார்க்க வேண்டும்.

இதைச் சொல்லிக்கொடுக்க உங்கள் ஊரிலேயே ஒரு சொல் இருக்கிறது: பாடு. ஏரியில் எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு முறை பழவேற்காட்டில் தலைமுறைகளாக இருந்துவருகிறது. ‘இன்னிக்கு மீன்பாடு எப்படி?’ என்ற பேச்சும் பிள்ளைகளுக்குத் தெரியும். இலக்கணத்தில் ‘பாடு’ என்பது ‘படு’ என்ற வினையின் முதலெழுத்து நீண்டு பிறக்கும் பெயர். சுடு சூடு ஆவது போல, கெடு கேடு ஆவது போல.

அந்தப் ‘படு’தான் தமிழில் உணர்வுகளுக்குத் துணை நிற்கிறது. வெட்கப்படு, சங்கடப்படு, ஆச்சரியப்படு. இதற்குப் பிறவினை ‘படுத்து’. ஆச்சரியப்பட்ட பெண், ஆச்சரியப்படுத்தும் செய்தி. சங்கடப்பட்ட மாமா, சங்கடப்படுத்தும் கேள்வி. ஆங்கிலம் செய்வதும் இதையேதான். ‘பட்ட’ என்று தமிழில் வந்தால் ஈ.டி.: சர்ப்ரைஸ்ட், எம்பேரஸ்ட். ‘படுத்தும்’ என்று வந்தால் ஐ.என்.ஜி.: சர்ப்ரைஸிங், எம்பேரஸிங். பட்டவர் யார், படுத்தியது எது? இந்த ஒரு கேள்வியைப் பலகையில் எழுதுங்கள், போதும்.

‘படு’ சேராத சொற்களுக்கும் தமிழில் ஜோடி உண்டு. குழம்பிய மாணவன், குழப்பும் கணக்கு: கன்ஃப்யூஸ்ட், கன்ஃப்யூஸிங். சலிப்படைந்த பிள்ளை, சலிப்பூட்டும் பாடம்: போர்ட், போரிங். களைத்த அப்பா, களைப்பூட்டும் வேலை: டயர்ட், டயரிங். தன்வினை, பிறவினை என்று தமிழ் வகுப்பில் படித்தது இங்கே கைகொடுக்கும்.

ஈ.டி. நேற்றைய செய்தி அல்ல என்பதையும் தமிழ்கொண்டே விளக்கலாம். ‘பயந்த பையன்’ என்கிறோம். வடிவம் இறந்தகாலம், ஆனால் பையன் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் நிற்கிறான். ‘ஐ ஆம் ஃப்ரைட்டண்ட்’ என்பதும் அப்படியே.

விதியைச் சொன்னபின் பயிற்சிக்குப் புத்தக வாக்கியங்களைத் தேடாதீர்கள். ஏரிக்கு அக்கரையில் ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. 2023 ஜூலை 14 பிற்பகலில் சந்திரயான்-3 அங்கிருந்துதான் கிளம்பியது. ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்று மீனவர்களுக்கு அறிவிப்பு வரும். கரையில் நின்று அண்ணாந்து பார்க்கும் பிள்ளை எக்ஸைட்டட், ராக்கெட் எக்ஸைட்டிங். அன்றைய தொழில் போன அப்பா டிஸப்பாயின்டட், அறிவிப்பு டிஸப்பாயின்டிங். ஒரே நாள், ஒரே வீடு, இரண்டு மனநிலை. இப்படி ஒரு நாளைப் பலகையில் வைத்தால் பிள்ளைகள் விதியைத் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

முகத்துவாரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். மணல் சேர்ந்து அது தூர்ந்தால் கடல்நீர் வரத்து குறைகிறது, இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஏரிக்குள் வர வழி இல்லை, படகு கடலுக்குப் போவதும் சிரமம். ‘தி சாண்ட் இஸ் வொரியிங். மை ஃபாதர் இஸ் வொரிட்.’ ஏழாம் வகுப்புப் பிள்ளை இந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்லிவிட்டால், ஏரியைப் பற்றி வெளியூர்க்காரருக்கு ஒரு முக்கியமான செய்தியைச் சொல்லிவிட்டது என்று பொருள்.

வகுப்பை இந்த வரிசையில் நடத்திப் பாருங்கள். முதலில் நடந்த ஒன்றைத் தமிழில், அவர்கள் பேச்சிலேயே சொல்லவிடுங்கள். அடுத்து, பட்டவர் யார், படுத்தியது எது என்று பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு ஆங்கிலச் சொல்லைக் கொடுங்கள். கடைசியில் ‘பிகாஸ்’ சேர்த்துக் காரணம் சொல்லவையுங்கள். காரணம் சொல்கிற பிள்ளைதான் சொல்லைப் புரிந்துகொண்ட பிள்ளை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 2004 சுனாமியைப் பார்த்த கரை உங்களுடையது. கடலில் உறவை இழந்த வீடுகளும் இருக்கும். பயத்தையும் துயரத்தையும் பற்றிப் பேசும்போது ‘உன் கதையைச் சொல்’ என்று எந்தப் பிள்ளையையும் எழுப்பி நிறுத்தாதீர்கள். ‘ஒரு பையன்’, ‘ஒரு பாட்டி’ என்று மூன்றாம் ஆளாகச் சொல்லவிடுங்கள். இலக்கணம் அதிலும் வரும்.

கேள்வி: என் பிள்ளைகள் எதற்கும் ‘ஹேப்பி’, ‘சேட்’ இரண்டு சொற்களைத்தான் சொல்கிறார்கள். நூறு சொல் கொண்ட பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்யவைக்கலாமா?
ஒரு தாய், கோட்டைக்குப்பம்

பதில்: நூறு வேண்டாம், எட்டில் தொடங்குங்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் உணர்வுகளை எட்டாக வகுத்திருக்கிறது. அவற்றில் நான்குக்கு ஆங்கிலத்தில் அழகான ஜோடி உண்டு. சிரிப்பு, அதாவது நகை: அம்யூஸ்ட், அம்யூஸிங். வியப்பாகிய மருட்கை: அமேஸ்ட், அமேஸிங். அச்சம்: ஃப்ரைட்டண்ட், ஃப்ரைட்டனிங். அருவருப்பும் அடங்கிய இளிவரல்: டிஸ்கஸ்டட், டிஸ்கஸ்டிங்.

மற்ற நான்கில் பெருமிதத்துக்கு ப்ரௌட், வெகுளிக்கு ஆங்ரி, அழுகைக்கு சேட். இவை தனிச் சொற்கள், ஜோடி தேட வேண்டாம். உவகைக்கு மட்டும் ஒரு திருப்பம் இருக்கிறது. மகிழ்ந்தவர் டிலைட்டட், மகிழ்வைத் தருவதோ ‘டிலைட்ஃபுல்’. இப்படி வழிமாறும் சொற்கள் இன்னும் சில உண்டு. பயந்தவர் ‘ஸ்கேர்ட்’, பயமுறுத்துவது ‘ஸ்கேரி’. மனஅழுத்தத்தில் இருப்பவர் ‘ஸ்ட்ரெஸ்ட்’, அதைத் தருவது ‘ஸ்ட்ரெஸ்ஃபுல்’. இவற்றை விதியில் அடைக்காமல், வரும்போது ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுங்கள். வாரத்துக்கு ஒரு ஜோடி போதும். ஏரியில் பூநாரைக் கூட்டம் இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்த மாலையில் ‘அமேஸ்ட்’ சொல்லிக்கொடுத்தால் அது மறக்காது.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு. ‘எக்ஸைட்டட்’ என்று சொன்னால் சரி என்கிறார்கள், ‘சர்ப்ரைஸட்’ என்றால் தவறு என்கிறார்கள். இரண்டும் ஈ.டி.தானே? அப்பா கேட்கிறார்: வேலைக்கு விண்ணப்பம் எழுதத் தெரிந்தால் போதாதா, மனசில் உள்ளதை எல்லாம் ஆங்கிலத்தில் சொல்லி என்ன ஆகப்போகிறது?
ஒரு மாணவி, பழவேற்காடு

பதில்: முதலில் உன் கேள்விக்கு, மகளே. வினைச்சொல் ‘ட்’ ஒலியில் முடிந்தால் மட்டும் ஈ.டி. ஓர் அசையாக நீண்டு ஒலிக்கும்: எக்ஸைட், எக்ஸைட்டட், டிஸப்பாயின்ட், டிஸப்பாயின்டட். மற்றவற்றில் ஒலி கடைசியில் ஒட்டிக்கொள்ளும், தனி அசையாக வராது: சர்ப்ரைஸ்ட், டயர்ட், ஷாக்ட். சலிப்படைந்த ‘போர்ட்’ என்ற சொல்லுக்கும் வகுப்பில் தொங்கும் பலகைக்கும் ஒலி ஒன்றுதான். கைதட்டி அசைகளை எண்ணிப் பழகு, சரியாக வந்துவிடும். கூடவே வரும் சிறு சொல்லையும் சேர்த்தே படி: ‘இன்ட்ரஸ்டட் இன்’, ‘டயர்ட் ஆஃப்’, ‘எக்ஸைட்டட் அபௌட்’.

இனி உன் அப்பாவுக்கு. ஐயா, விண்ணப்பம் ஒரு நாள் எழுதுவது. அதன்பின் நேர்முகத் தேர்வில் உட்கார்ந்து, இந்த வேலை ஏன் பிடித்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். அங்கே ‘ஐ ஆம் இன்ட்ரஸ்டிங்’ என்றால் பொருள் ஒன்று, ‘ஐ ஆம் இன்ட்ரஸ்டட்’ என்றால் பொருள் வேறு. தமிழ் தெரியாத ஊரில் படிக்கவோ வேலைக்கோ போகும் பெண், விடுதியில் ஒருவர் நடந்துகொள்ளும் விதம் அச்சுறுத்துகிறது என்று புகார் சொல்ல நேரலாம். ‘ஐ ஆம் ஃப்ரைட்டனிங்’ என்று அவள் சொன்னால், பயமுறுத்தியவரே அவள் என்றாகிவிடும். சொல்லின் கடைசி எழுத்துகள் மாறியதில், பட்டவர் படுத்தியவர் ஆகிவிடுவார்.

தன் மனத்தில் உள்ளதைப் பிறர் தவறாகப் புரிந்துகொள்ளாமல் சொல்ல முடிவது ஒரு பாதுகாப்பு. உங்கள் மகள் அதைக் கற்கட்டும். இன்று இரவு சாப்பிடும்போது, ‘இன்று உன்னை ஆச்சரியப்படுத்தியது எது?’ என்று தமிழில் கேளுங்கள். பதிலை அவள் ஆங்கிலத்தில் சொல்லட்டும்.