தட்டானும் காமிராவும்



தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மழைக்காலத்தில் விளையாட்டுத் திடலின் மேல் கூட்டங்கூட்டமாகப் பறக்கும் தட்டானைப் பிடித்து, வாலில் நூல் கட்டி விளையாடும் பிள்ளைகளையும் பார்த்திருப்பீர்கள். நூலில் கட்டுண்ட தட்டான் பெரும்பாலும் பிழைப்பதில்லை. அதன் கண் எத்தகையது, சிறகில் நரம்புகள் எப்படி ஓடுகின்றன என்பதை விளையாடியவரும் அறிவதில்லை. பூச்சிக்குத் துன்பம் தராமல் அதனை நன்கு அறிந்துகொள்ள ஒரு வழி உண்டு. அதுவே அண்மைப் படம் எடுக்கும் கலை. அதனை இங்குக் காண்போம்.

தட்டானை அறிவோம்

தட்டானுக்கு நான்கு சிறகுகள். உட்காரும்போதும் அவற்றை விரித்தே வைத்திருக்கும். அதன் உறவான ஊசித்தட்டான் மெலிந்த உடல் கொண்டது. பெரும்பாலும் சிறகுகளை முதுகின் மேல் மடித்து வைக்கும். இரண்டும் நீரில் அல்லது நீர் அருகில் முட்டையிடும். இவற்றின் இளம்பருவம் நீருக்குள் வாழ்ந்து, கொசுப்புழுக்களையும் பிற சிற்றுயிர்களையும் தின்று வளரும். பெரிய தட்டான்களின் ஒவ்வொரு கூட்டுக்கண்ணிலும் ஏறத்தாழ 30,000 சிறு கண்கள் வரை அமைந்துள்ளன. ஆகவே முன்னும் பின்னும் மேலும் அதற்குத் தெரியும். பின்புறமாகச் சென்றாலும் ஏமாற்ற முடியாது!

லென்ஸின் கணக்கு

பௌதிக வகுப்பில் குவிலென்ஸைப் பற்றிப் படிக்கிறோம். பொருள் லென்ஸை நெருங்க நெருங்க, பிம்பம் லென்ஸை விட்டு விலகும், அளவிலும் பெரிதாகும். குவியத் தூரத்தைப் போல் இரு மடங்கு தொலைவில் பொருளை வைத்தால், பிம்பமும் அதே தொலைவில், அதே அளவில் விழும். இதனையே 1:1 என்கிறோம். அண்மைப் படத்தின் அடிப்படை இதுதான்.

சாதாரணமான 50 மில்லிமீட்டர் லென்ஸ் 45 சென்டிமீட்டருக்கு அருகில் உள்ள பொருளைத் தெளிவாகக் காட்டாது. நம் ஊர்களில் மிகுதியாகக் காணும் மஞ்சள் தட்டானின் நீளம் சுமார் 45 மில்லிமீட்டர். அந்தத் தொலைவில் அதன் பிம்பம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர்தான் இருக்கும். 36 மில்லிமீட்டர் அகலமுள்ள பிலிமில் அது ஐந்தில் ஒரு பங்கு. இக்குறையை நீக்கப் பல முறைகள் உண்டு.

முதலாவது, குளோசப் லென்ஸ். மூக்குக்கண்ணாடி போல இதனை லென்ஸின் முன் திருகிப் பொருத்தலாம். விலை குறைவு, ஒளியும் குறையாது. ஆனால் படத்தின் ஓரங்கள் சற்று மங்கக்கூடும்.

இரண்டாவது, எக்ஸ்டென்ஷன் டியூப். இது கண்ணாடி இல்லாத வெறுங்குழாய். காமிராவுக்கும் லென்ஸுக்கும் இடையில் வைத்து, பிம்பத்தின் தொலைவைக் கூட்டுவது. 50 மில்லிமீட்டர் லென்ஸுடன் 50 மில்லிமீட்டர் குழாயைச் சேர்த்தால் 1:1 கிடைக்கும். ஆனால் பிம்பத்தின் தொலைவு இரு மடங்காவதால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். தட்டானுக்கு மிக அருகில் செல்லவும் வேண்டும். அதற்குள் அது பறந்துவிடும்.

மூன்றாவது, மாக்ரோ லென்ஸ். இது அண்மைப் படத்திற்கென்றே செய்யப்படுவது. ஜப்பானின் நிக்கான் நிறுவனம் 1956-இல் 'மைக்ரோ நிக்கார்' என்ற லென்ஸை வெளியிட்டது. நூல்களின் பக்கங்களைச் சிறு பிலிமில் படியெடுக்கும்போது நெருக்கமான ஜப்பானிய எழுத்துகள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அது உருவாயிற்று. எழுத்துக்குப் பிறந்த லென்ஸ் இனம் பூச்சிக்கும் பயன்பட்டது! தட்டானுக்கு 50 மில்லிமீட்டரை விட 100 மில்லிமீட்டர் மாக்ரோ நல்லது. அதே அளவுப் படத்தைச் சற்று எட்ட நின்றே எடுக்கலாம்.

நான்காவது, தொலைநோக்கு லென்ஸ். ஒன்றரை மீட்டர் வரை நெருங்க இடந்தரும் 300 மில்லிமீட்டர் லென்ஸ், தட்டானை அதன் அளவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் காட்டும். தட்டானோ நம்மைக் கண்டு அஞ்சாது. குளத்தின் நடுவில் ஒரு குச்சியில் உட்கார்ந்த தட்டானை எடுக்க இதுவே ஏற்றது.

இன்று பல வீடுகளில் உள்ள கைப்பேசியும் ஒரு காமிராவே. அதன் லென்ஸின் குவியத் தூரம் மிகச் சிறிது. ஆகையால் படத்தில் முன்னும் பின்னும் மிகுதியாகத் தெளிவாக இருக்கும். ஆனால் மிக அருகில் செல்ல வேண்டும். காலைக் குளிரில் சிறகு விறைத்து உட்கார்ந்திருக்கும் தட்டானே கைப்பேசிக்கு வாய்ப்பானது.

தெளிவு எங்கே?

அண்மைப் படத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம் மிகக் குறைவு. பிலிம் காமிராவில் 1:1 அளவில், துவாரத்தை எஃப் 16 வரை சுருக்கினாலும் அந்த ஆழம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டரே. 1:2 அளவில் சுமார் 6 மில்லிமீட்டர். துவாரத்தை இன்னும் சுருக்கினால் ஒளி விளிம்பில் வளைந்து படம் முழுவதும் மங்கும். ஆகவே தட்டானின் உடல் காமிராவின் பின்புறத்திற்கு இணையாக இருக்குமாறு நின்று எடுக்க வேண்டும். அப்போது தலை முதல் வால் வரை ஒரே தளத்தில் அமையும். அது இயலாதபோது கண்களாவது தெளிவாக இருக்கட்டும்.

மெதுவாக, தாழ்வாக, நம் நிழல் அதன் மேல் விழாமல் நெருங்க வேண்டும். பறந்து போனாலும் துரத்த வேண்டாம். பல தட்டான்கள் அதே குச்சிக்குத் திரும்பி வரும். பொறுமையே இங்குப் பெரிய கருவி. நண்பகல் வெயிலில் சில தட்டான்கள் வாலைச் சூரியனை நோக்கி உயர்த்தி நிற்கும். உடலில் படும் வெயிலைக் குறைத்துக்கொள்ளும் வழி அது.

பறக்கும் தட்டான்

தட்டான் நொடிக்குச் சுமார் 30 முறை சிறகடிக்கிறது. சிறகின் நுனி ஒரு வீச்சில் 5 சென்டிமீட்டர் நகர்வதாகக் கொண்டால், மேலும் கீழுமாக நொடிக்கு 3 மீட்டர் செல்கிறது. ஷட்டர் 1/1000 நொடி திறந்தாலும் நுனி 3 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும், படம் கலங்கும். இங்கிலாந்தின் ஸ்டீபன் டால்டன் 1/25,000 நொடி மட்டுமே ஒளிரும் மின்வெட்டு விளக்கைப் பயன்படுத்தி இதனை வென்றார். பறக்கும் பூச்சிகளைக் காட்டும் அவருடைய நூல் 1975-இல் வெளிவந்தது. அதிலுள்ள, மலர்களுடன் பறக்கும் பூச்சியின் படம் ஒன்று, 1977-இல் வாயேஜர் விண்கலங்கள் சுமந்து சென்ற தங்கத் தட்டில் இடம்பெற்றது.

படம் எதற்காக?

அழகுக்காக மட்டும் அன்று. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு படம் எடுத்து, நாளையும் இடத்தையும் எழுதி வைத்தால் அது ஒரு சான்று. மார்பின் கோடுகள், சிறகின் அடியிலுள்ள நிறம், வால் நுனியின் அமைப்பு ஆகியவற்றைக் கொண்டு பெரும்பாலும் இனத்தைக் கண்டறியலாம். ஆணும் பெண்ணும் நிறத்தில் வேறுபடும் என்பதையும் நினைவில் கொள்க. இதற்கெனப் பூச்சியைக் கொன்று ஊசியில் குத்தி வைக்கத் தேவையில்லை.

இச்சான்றுகளுக்கு இன்று தேவை மிகுதி. மாலத்தீவில் வாழ்ந்த சார்லஸ் ஆண்டர்சன், மஞ்சள் தட்டான்கள் இந்தியாவிலிருந்து கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை செல்கின்றன என்ற கருத்தை 2009-இல் வெளியிட்டார். எந்த நாளில் எங்கே தட்டான்கள் வந்தன என்று ஆண்டுதோறும் குறித்து வைத்ததே அவருக்குத் துணை. 2021-இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், ஆராயப்பட்ட 6,016 தட்டான், ஊசித்தட்டான் இனங்களில் 16 விழுக்காடு அழியும் நிலையில் உள்ளதாக அறிவித்தது. குளங்களும் சதுப்பு நிலங்களும் மறைவதும் நீர் மாசுபடுவதும் முக்கியக் காரணங்கள். ஒரு குளம் தூர்ந்தால் அங்கே என்னென்ன இனங்கள் இருந்தன என்பதைப் பின்னர் யாரும் சொல்ல முடியாது, ஒருவர் முன்பே குறித்து வைத்திருந்தாலன்றி.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: விலையுயர்ந்த காமிரா வேண்டுவதில்லை. ஐந்து மாணவியருக்கு ஒரு கைப்பேசியும் ஒரு குறிப்பேடும் போதும். குளத்தங்கரைக்குச் செல்லும்போது பெரியவர் ஒருவர் உடன் செல்லுங்கள்.

மாணவியரே! அடுத்த மழைக்குப் பின் தட்டான்கள் திடலுக்கு வரும். தம்பி தங்கையர் நூலுடன் ஓடினால் அவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள். நீங்கள் எடுத்த படத்தில் அந்தக் கண்களைப் பெரிதாக்கிக் காட்டுங்கள். பார்த்தவர் கை தானாகவே நூலைக் கீழே போடும்.