தனித்து நின்றால் தளர்வோம்

வாசிக்க வேண்டிய பகுதிகள்: திருத்தூதர் பணி 2: 42-47; எபிரேயர் 10: 24-25

ஊரை விட்டு இடம்பெயர்ந்தபோது வீடு, வளவு, மாடு, விதைநெல் எல்லாவற்றையும் விட்டு வந்தோம். ஆனால் சீதன வழக்கத்தை மட்டும் கையோடு கொண்டு வந்துவிட்டோம். காணி எழுதிக் கொடுக்க வழியில்லாத இடத்தில் காசும் நகையும் கேட்கப்படுகின்றன. இது பிழை என்று நமக்குத் தெரியும். ஆயினும் "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்ற கேள்வி வந்ததும் வாய் மூடிவிடுகிறது. கடன்பட்டாவது ஊரோடு ஒத்துப்போகிறோம். ஒரு குடும்பம் தனித்து நின்று இதனை எதிர்ப்பது கடினம். அப்படியானால் எப்படி எதிர்ப்பது? நமது மண்ணின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு.

1. அன்று இருந்த நெருக்குதல்

1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனது. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டார்கள். குருவானவருக்கு இடம்கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஆனால் வாளைவிடக் கூர்மையான நெருக்குதல் வேறொன்று இருந்தது. திருமுழுக்கும் திருமணமும் ஒல்லாந்தரின் சபையில் பதிவாக வேண்டும். உத்தியோகம் பெறவும் அதுவே வழி. ஆகவே பலர் வெளியே ஒன்றும் வீட்டுக்குள்ளே வேறொன்றுமாக வாழ்ந்தார்கள். இந்துக்களின் நிலையும் இதுவே. மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் மாதாவின் திருவுருவத்துடன் மடுக் காட்டுக்கு இடம்பெயர்ந்தன என்பது மரபு. 1990களில் நம்மில் பலர் தஞ்சம் புகுந்ததும் அதே மடுவில்தான்.

2. விசுவாசத்தைக் காத்தது எது?

1687ஆம் ஆண்டு கோவாவைச் சேர்ந்த யோசவ் வாஸ் அடிகளார் இலங்கைக்கு வந்தார். பிச்சைக்காரர் வேடத்தில், கழுத்தில் செபமாலையுடன் வீடு வீடாகப் போனார். அதனை யார் அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்று பார்த்தார். கண்டுகொண்டவர்கள் இருந்தார்கள்! ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகக் குருவோ பூசையோ இல்லாத இடத்தில் வீட்டுச் செபமும் அயலவர் உறவும் விசுவாசத்தை அணையாமல் காத்திருந்தன. சில்லாலை மக்கள் அவருக்கு அடைக்கலம் கொடுத்தார்கள்.

அடிகளார் செய்த பெரிய வேலை, மக்களை ஒழுங்குபடுத்தியதே. எல்லா ஊர்களிலும் அவரால் தங்க முடியாது. ஆகவே ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் நியமித்தார். செபம் நடத்துவதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பதும், நோயாளியைப் பார்ப்பதும் அவர்கள் பொறுப்பு. குருவானவர் வராத மாதங்களிலும் சபை கூடியது. கூடியதால் ஒருவர் தளர்ந்தபோது மற்றவர் தாங்கினார்.

1697ஆம் ஆண்டு கண்டியில் அம்மை நோய் பரவியது. பயத்தினால் நோயாளிகள் கைவிடப்பட்டார்கள். அடிகளாரும் அவருடன் இருந்த குருவானவரும் அவர்களுக்குக் கொட்டில் அமைத்துப் பராமரித்தார்கள். ஊர் வழக்கம் கைவிட்டவரை, விசுவாசம் கைவிடவில்லை. 2015 ஜனவரி 14இல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

3. தவறாக விளங்கிக் கொள்ள வேண்டாம்

நெருக்குதலை எதிர்ப்பது என்றால் நமது பண்பாட்டை வெறுப்பது அல்ல. 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். நமது கத்தோலிக்க ஊர்களில் நாட்டுக்கூத்துப் பழக்குபவரும் அண்ணாவியார்தான். மொழியும் கலையும் நமது செல்வம். மனிதரை நசுக்கும் வழக்கமே நமது எதிரி. அயலில் வாழும் இந்துச் சகோதரரும் அதே சீதனச் சுமையால்தான் வருந்துகிறார்கள். அவர்களும் நம்மோடு சேரட்டும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கோவிலுக்குப் போவதால் மட்டும் எவரும் மாறுவதில்லை. சாதி பார்த்து இடம் ஒதுக்கிய கோவில்களும் நம்மிடம் இருந்தன. உலகத்தின் வழக்கம் கோவிலுக்குள்ளேயே வந்து அமர்ந்துவிட்டால், விசுவாசி எங்கே பலம் பெறுவது? ஆகவே கூடுவது மட்டும் போதாது. கூடி ஒருவரையொருவர் கேள்வி கேட்கவும் வேண்டும்.

4. நாம் செய்யக்கூடியது

பத்துக் குடும்பங்கள் கிழமைக்கு ஒருமுறை ஒரு வீட்டில் கூடலாம். செபத்தின் பின் அரைமணி நேரம் குடும்பப் பிரச்சினைகளைப் பேசலாம். "எங்கள் குழுவில் சீதனம் கேட்பதில்லை, கலியாணத்துக்கும் சாமத்தியச் சடங்குக்கும் கடன்படுவதில்லை" என்று எல்லோரும் சேர்ந்து தீர்மானிக்கலாம். அப்போது "நாலு பேர்" என்பவர்கள் நம் பக்கத்தில் நிற்பார்கள். கணவனை இழந்த பெண்ணை நல்ல காரியத்தில் முன்னே அழைப்பது, கசிப்பை விட முயல்பவருக்கு மாலை நேரத்தில் துணையிருப்பது, நடுகைக்கும் அறுவடைக்கும் கைமாற்றாக உதவுவது ஆகியனவும் சபையின் வேலைகளே.

குழுவில் கலந்துரையாட

1. பிழை என்று தெரிந்தும் ஊருக்காக நாம் செய்த காரியம் எது?
2. அப்போது யாராவது நம்முடன் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும்?
3. நமது கோவிலுக்குள்ளேயே நாம் மாற்ற வேண்டிய வழக்கம் எது?
4. அடுத்த கூட்டத்துக்கு முன் எந்தக் குடும்பத்துக்கு நாம் துணை நிற்கப் போகிறோம்?