பழி டவர் மேல், கோளாறு டாங்கிளில்

கதவு திறந்தால் எரிய வேண்டிய விளக்கு எரியவில்லை. சமையலறைத் தொட்டிக்கு அடியில் வைத்த கசிவு சென்சார் நேற்று மாலையிலிருந்து ‘ஆஃப்லைன்’ என்கிறது. உடனே ஒருவர் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டுவார்: “அந்த 5ஜி டவர் வந்ததிலிருந்தே இப்படித்தான்!”

அந்த டவரிலிருந்தே தொடங்குவோம். இந்தியாவில் 5ஜி பெரும்பாலும் 3300 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியிலும் 700 மெகாஹெர்ட்ஸிலும் ஓடுகிறது. இத்தகைய சென்சார்கள் பல பயன்படுத்தும் ஜிக்பீ என்ற ரேடியோ முறை பேசுவதோ 2405-க்கும் 2480-க்கும் இடையில். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 5ஜி-யையும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. அந்த வைஃபையால் ஜிக்பீக்கு நன்மைதான். டிவி, லேப்டாப்பை அதற்கு மாற்றினால் ஜிக்பீ இருக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறையும்.

நெரிசலுக்குக் காரணம் நம் வீட்டு ரவுட்டரேதான். அதோடு பக்கத்து வீட்டு ரவுட்டர்களும் சேர்ந்துகொள்ளும்.

நம்பிக்கை: வைஃபையும் 11-ஆம் சேனல், ஜிக்பீயும் 11-ஆம் சேனல், அதனால்தான் மோதல்.

உண்மை: எண் ஒன்று, இடம் வேறு. வைஃபை 11-இன் மையம் 2462 மெகாஹெர்ட்ஸ். ஜிக்பீ 11 இருப்பது 2405-இல், அதாவது வைஃபை 1-இன் எல்லைக்குள். எண்ணைப் பார்த்துப் பயந்து வைஃபையை 11-லிருந்து 1-க்கு மாற்றுகிறவர், அதுவரை இல்லாத மோதலைத் தானே உண்டாக்கிவிடுகிறார். வைஃபை சேனல் ஒன்று 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். ஜிக்பீக்கு 2 போதும். வைஃபை 1, 6, 11 மூன்றுக்கும் நடுவே கிடக்கும் சந்துகளில் ஜிக்பீ 15-உம் 20-உம் நுழைந்துகொள்ளும். 25-உம் 26-உம் 11-க்கு அப்பால் தப்பிவிடும். 26-ஐச் சில கருவிகள் ஏற்பதில்லை என்பதால் என் ஓட்டு 25-க்கு.

இத்தனையும் செய்து, ரவுட்டரில் சேனலை ‘ஆட்டோ’வில் விட்டுவைத்தால் பயனில்லை. கரண்ட் போய் வரும்போது ரவுட்டர் புதிதாக ஒரு சேனலைத் தேர்ந்துகொள்ளலாம். “நேற்று வரை நல்லாத்தானே ஓடுச்சு” என்ற புலம்பலுக்குப் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கிறது. சேனலைக் கையால் பூட்டுங்கள். அகலத்தையும் 20-இல் நிறுத்துங்கள். 40 என்று வைத்தால் சந்துகளையும் வைஃபை விழுங்கிவிடும்.

நம்பிக்கை: ஆப்பில் சிக்னல் பலமாகக் காட்டுகிறது, எனவே குறுக்கீடு இல்லை.

ஏமாறும் இடம் இது. சிக்னலின் பலம் வேறு, அது இரைச்சலைத் தாண்டிக் கேட்பது வேறு. தவில் அடிக்கும் இடத்தில் பக்கத்திலிருப்பவர் உரக்கப் பேசினாலும் காதில் விழாது அல்லவா? சென்சார்களின் செய்தியைக் கேட்கும் ஹப்பின் காதருகே தவில் அடிப்பது எது என்று பார்த்தால், பெரும்பாலும் யூஎஸ்பி 3.0. நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவு ஓடும்போது அந்தக் கேபிளும் இணைப்பும் கசியவிடும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் முழுவதும் பரவுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து அறிக்கையாக வெளியிட்டது.

ராஸ்பெர்ரி பை 4-ஐ ஹப்பாக வைத்திருப்பவர்கள் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். நீல நிறத் துளைகள் இரண்டு யூஎஸ்பி 3, கறுப்பு இரண்டு யூஎஸ்பி 2. நீலத்தில் எஸ்எஸ்டி, அதை ஒட்டினாற்போல் ஜிக்பீ சிக்னலைப் பிடிக்கும் டாங்கிள்: தொல்லைக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது. அறிகுறியும் தெளிவாகவே இருக்கும். சென்சாரை ஹப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் உடனே இணையும். சமையலறைக்குக் கொண்டுபோனால் காணாமல் போகும். தீர்வு, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள். டாங்கிளைக் கறுப்புத் துளைக்கு மாற்றி, கேபிளின் மறுமுனையில் பெட்டியிலிருந்தும் ரவுட்டரிலிருந்தும் தள்ளி நிறுத்துங்கள். புது ஹப் வாங்கச் சொல்லும் கடைக்காரர் இந்தக் கேபிளைப் பற்றிப் பேச மாட்டார்.

நம்பிக்கை: சென்சார்கள் கூடக் கூட வலைப்பின்னல் வலுக்கும்.

பேட்டரியில் ஓடும் சென்சார்கள் மற்றவற்றின் செய்தியைக் கடத்துவதே இல்லை. தம் செய்தியைச் சொல்லிவிட்டுத் தூங்கிவிடும். கடத்துவது கரண்ட்டில் ஓடும் பிளக்குகளும் பல்புகளும்தான். இங்கே நம் வீட்டுப் பழக்கம் குறுக்கே வருகிறது. அறையை விட்டு வெளியேறும்போது சுவிட்சைத் தட்டிவிட்டுப் போவது நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்த ஒழுக்கம். ஸ்மார்ட் பல்பையும் அப்படி அணைத்தால், அதை நம்பியிருந்த பால்கனி சென்சாருக்கு வழி அறுந்துவிடும். தினமும் படுக்கப்போகும் நேரத்தில் மட்டும் சென்சார்கள் விழுகின்றன என்றால் அலைவரிசையை ஆராய வேண்டாம், சுவிட்ச் போர்டைப் பாருங்கள். யாரும் அணைக்காத இடத்தில், இன்வெர்ட்டர் லைனில், ஒரு ஸ்மார்ட் பிளக் இருந்தால் போதும்.

மைக்ரோவேவ் அடுப்பின் மீதான சந்தேகத்தில் மட்டும் நியாயம் உண்டு. அது இயங்குவது 2450 மெகாஹெர்ட்ஸை ஒட்டி. ஜிக்பீ 20 உட்கார்ந்திருப்பதும் அங்கேதான். ஆனால் அடுப்பு ஓடும் சில நிமிடங்களுக்குத்தான் தொல்லை. ராத்திரி 2 மணிக்கு விழும் சென்சாருக்கு அடுப்பைக் குறை சொல்ல முடியாது.

‘மேட்டர்’ முத்திரை உள்ள கருவி வாங்கினால் தீரும் என்பதும் சரியல்ல. மேட்டர் பயன்படுத்தும் த்ரெட்டுக்கும் ஜிக்பீக்கும் ரேடியோ ஒன்றுதான், அதே 2.4. நெரிசலுக்கு வெளியே இருப்பது இசட்-வேவ் என்ற வேறொரு ரேடியோ முறை. அது இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்குகிறது. அமெரிக்காவிலிருந்து அண்ணன் வாங்கிவந்த இசட்-வேவ் கருவி 908-இல் பேசும். இங்குள்ள ஹப்புக்கு அது கேட்காது.

கடைசியாகப் பேட்டரி. சிஆர்2032 பொத்தான் பேட்டரி தன் ஆயுளில் பெரும்பகுதி 3 வோல்ட்டை ஒட்டியே நிற்கும், பிறகு சட்டென்று சரியும். ஆப் காட்டும் சதவீதத்தை நம்பாமல், சந்தேகம் வந்தால் முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு நாள் விட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஜிக்பீ சேனலைத் தொடுவதைக் கடைசிக்கு வையுங்கள். மாற்றினால் சில சென்சார்கள் கூடவே வராது. ஏணி போட்டு ஒவ்வொன்றாக இறக்கி மறுபடி இணைக்க வேண்டிவரும்.