உறிஞ்சுவதா, வலை வீசுவதா?

பக்கவாதம் வந்த என் மாமனாருக்கு, மூளை ரத்தக்குழாயில் அடைத்திருந்த கட்டியை உறிஞ்சுகுழாய் விட்டு எடுத்தார்கள். ஸ்டென்ட் வலையால் எடுத்திருந்தால் இன்னும் நன்றாகத் தேறியிருப்பார் என்கிறார் ஒரு உறவினர். உண்மையா?

இல்லையம்மா. இந்தப் பந்தயத்தை ஏற்கெனவே நடத்திப் பார்த்துவிட்டார்கள். வட அமெரிக்காவில் 270 பேரிடம் நடந்த 'காம்பஸ்' ஆய்வு 2019-இல் வெளிவந்தது. 90 நாள் கழித்துத் தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தவர்கள், முதலில் உறிஞ்சிய அணியில் 52 சதவீதம், முதலில் வலை போட்ட அணியில் 50. பிரான்சின் 'ஆஸ்டர்' ஆய்விலும் குறிப்பிடும்படி வித்தியாசமில்லை.

டாக்டர்கள் உறிஞ்சுகுழாயில் முக்கியமாகப் பார்ப்பது வாயகலத்தை. விட்டம் இரண்டு மடங்கானால் உறிஞ்சும் விசை நான்கு மடங்கு. அப்படியானால் பெரிதாகவே போடலாமே என்பீர்கள். பெரும்பாலும் தொடையில் நுழைந்து, மண்டைக்குள் பாம்பு வளைவுகளில் நெளிந்து கட்டி வரை அது போய்ச் சேர வேண்டுமே! முனை துவள வேண்டும். உறிஞ்சும்போது சுவர் ஒடுங்கவும் கூடாது. இரண்டும் ஒன்றாய் அமைவதுதான் கஷ்டம்.

உறவினரிடம் இதையும் சொல்லுங்கள்: உறிஞ்சியும் கட்டி வராவிட்டால், அதே மேஜையில் வலையையும் இறக்குவது வழக்கம்தான்.