ஹீல்ட்ஸ்பர்க்கில் ஒரு வாரக்கடைசி

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே சுமார் 70 மைலில் இருக்கிறது ஒயின் ஊரான ஹீல்ட்ஸ்பர்க். நண்பர்களோடு போனால், ஒரு நாளைக்கு இரண்டு ஒயின் பண்ணைகள் போதும். மூன்றாவதில் எல்லாமே ஒரே ருசிதான்! ஒயின் வகையில், டிரை கிரீக் பக்கம் ஜின்ஃபாண்டல், ரஷ்யன் ரிவர் பக்கம் பினோ நுவார். கூட்டமாகப் போகிறவர்கள் முன்பதிவு செய்துவிடுங்கள்.

வண்டி ஓட்டுபவர் யார் என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். அவருக்கு அன்று ஒயின் கிடையாது. அவரது சாப்பாட்டுச் செலவை மற்றவர்கள் பகிர்ந்துகொள்வதுதான் நியாயம். மற்றவர்களும் ஊற்றியதையெல்லாம் குடிக்க வேண்டியதில்லை. துப்புவதற்கென்றே மேசையில் பாத்திரம் இருக்கும், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

திறந்த பாட்டிலை டிக்கியில் வையுங்கள். இருக்கையருகே வைத்தால் கலிஃபோர்னியாவில் குற்றம். வெயிலில் நிற்கும் காரில் ஒயின் கெட்டுவிடும் என்பதால் ஐஸ் பெட்டி அவசியம். கோடையிலும் காலையில் மூடுபனி இருக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.