அல் ஐன் வெயிலில் பாதங்களைப் பேண

கோடையில் 45 டிகிரியைத் தாண்டும் அல் ஐனில், நாள் முழுக்கப் பாதுகாப்பு ஷூவுக்குள் வேகும் பாதத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலைக்குத் தடை உண்டு. அந்த ஓய்வில் ஷூவைக் கழற்றிக் காலைக் காற்றாட விடுங்கள். பையில் மாற்றுக் காலுறை இருக்கட்டும். அறைக்கு வந்ததும் கால் கழுவி, விரல் இடுக்குகளை நன்றாகத் துடையுங்கள். அங்கே தங்கும் ஈரத்தில்தான் சேற்றுப்புண் வளரும். பித்தவெடிப்புக்குத் தேங்காய் எண்ணெயைக் குதிகாலில் மட்டும் தடவுங்கள், இடுக்கில் வேண்டாம்.

குதிகால் வலிக்கிறதா? காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன், துண்டைப் பாதத்தில் மாட்டி 30 வினாடி உங்கள் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். மூன்று முறை போதும். நடக்க, அல் ஐன் பேரீச்சஞ்சோலையின் நிழற்பாதையை விட நல்ல இடம் ஊருக்குள் இல்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு முக்கியமாக ஒன்று. ஜெபல் ஹஃபீத் அடிவாரத்தில் முபஸ்ஸரா வெந்நீர் ஊற்றில் விடுமுறை நாளில் பலரும் கால் நனைக்கிறார்கள். நீங்கள் நனைக்காதீர்கள். சர்க்கரை நோயால் மரத்துப்போன பாதத்துக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகே தெரியும். தினமும் இரவில் உள்ளங்காலைக் கைபேசியில் படமெடுத்துப் பாருங்கள். கால் ஆணியை பிளேடால் செதுக்காதீர்கள். சின்னப் புண்தானே, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் மறுநாளே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.